சொல்லச் சொல்ல எழுதிய ரமாபாய்

எத்தனை பேருக்குப் பரீட்சை எழுதியிருக்கிறீர்கள் என்று ரமாபாயிடம் கேட்டால், "மெதுவா கேளுங்க, போலீசு காதுல வுழப்போவுது" என்று சொல்லிச் சிரிப்பார். அதில் திருட்டுத்தனம் ஒன்றுமில்லை. கண் பார்வை இல்லாதவர்கள், கை ஒடிந்தவர்கள், பேனா பிடிக்க முடியாதவர்கள் பரீட்சைக்கு வரும்போது, அவர்கள் சொல்லும் விடையை அப்படியே தாளில் எழுதித் தர ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். சட்டமே அனுமதிக்கிற ஏற்பாடு அது. ரமாபாய் செய்வது அந்த வேலையைத்தான். இலக்கியம் எழுதியிருக்கிறார், வரலாறு எழுதியிருக்கிறார், ஒரே ஒரு முறை வேதியியலும் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் அப்போது அவருடைய படிப்பு பத்தாம் வகுப்பு.

புளியந்தோப்பில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவுக்குப் படிப்பின் மேல் தீராத ஆசை. மகள் அறிவியல் பிரிவுதான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ரமாபாயும் எடுத்தார். பன்னிரண்டாம் வகுப்பில் மற்ற பாடமெல்லாம் கரையேற்றிவிட, வேதியியல் மட்டும் நட்டாற்றில் விட்டது. மறுபடி எழுதலாம் என்றிருந்தபோது ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அடுத்து கல்யாணம், அதற்கடுத்து மகன். கணவர் பீம்ராவ் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுகிறவர். குடும்பம் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்குக் குடிவந்தது. மகன் வளர்ந்து வேலை கிடைத்து ஓசூருக்குப் போன பிறகு, ராயபுரம் கல்மண்டபத்தில் சண்முகவேல் அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடையில் ரமாபாய் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் கடைக்குத்தான் ஒரு மழைநாள் காலையில் வெள்ளத்துரை ஓட்டமும் நடையுமாக வந்தார். அதே தெருவில் பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிறவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பல வருடம் ஆகியும் பேச்சு மாறாதவர். அவர் முழங்கையைப் பிடித்தபடி மகள் தேவகிருபை வந்தாள். கறுப்புக் கண்ணாடி, கையில் மடக்குக் குச்சி, தோளில் பை. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். கல்லூரியில் தமிழ் இலக்கியம் முதல் வருடம்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நேரத்துல பரிச்சை. எழுத வாரேன்னு சொன்ன பொண்ணு காய்ச்சல்னு இப்பத்தான் போன் பண்ணுதா. நான் யார்ட்டப் போயி நிக்கட்டும்?" என்று வெள்ளத்துரை கடை வாசலிலேயே புலம்பினார்.

"அப்பா, பதறாதீங்க. முதல்ல சர்டிபிகேட்ட ஜெராக்ஸ் எடுங்க" என்றாள் தேவகிருபை. பரீட்சை அவளுக்கா அப்பாவுக்கா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.

ரமாபாய் அப்போது யாருடைய கூரியர் உறைக்கோ விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளத்துரையின் கண் அந்த உறையில் விழுந்தது. "இது யாரு எழுத்து? முத்து முத்தா இருக்கே. என்னம்மா படிச்சிருக்கே?"

"பத்தாவதுண்ணா. பன்னெண்டாவது பெயிலு."

"அதாம்மா வேணும்! அதிகமா படிச்சவங்க எழுதக்கூடாதுன்னு ரூல்சு. பரிச்சை எழுதுறவங்களுக்கு ஒரு படி கீழதான் இருக்கணும். அண்ணாச்சி, இந்தப் பிள்ளைய இன்னைக்கு ஒரு நாள் அனுப்புங்க."

சண்முகவேல் மெஷினை அணைக்காமலே தலையாட்டினார். தான் பெயிலானது இன்னொருவருக்கு இவ்வளவு உபயோகமாக இருக்கும் என்று ரமாபாய் கனவிலும் நினைத்ததில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

கல்லூரியில் அவர்கள் இருவருக்கும் தனி அறை. கூடவே ஒரு கண்காணிப்பாளர். ரமாபாய் கேள்விகளை வாசித்தார். தேவகிருபை நிதானமாக, நிறுத்தற்குறிகளோடு விடை சொன்னாள். எழுதுவது சுலபம் என்று தோன்றியது, ஒரு வார்த்தை வரும் வரை.

"'கழியில் மீன் பிடிக்கும் பரதவர்' என்று எழுதுங்கக்கா."

ரமாபாயின் பேனா நின்றது. "எந்த ளி?"

கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். "அர்த்தம் எல்லாம் கேக்கக்கூடாதும்மா. சொல்றத எழுதுங்க, போதும்."

"அர்த்தம் கேக்கல சார். எழுத்து கேக்கறேன்."

"சிறப்பு ழகரம்க்கா. எண்ணூர் கழிமுகத்துல வர்ற கழி" என்றாள் தேவகிருபை.

"அப்பிடி சொல்லு. நம்ம பஸ்ஸு போற எடம்" என்றபடி ரமாபாய் எழுதினார். கண்காணிப்பாளர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைய கேள்வி நெய்தல் திணையைப் பற்றியது. கடற்கரையில் தலைவி காத்திருக்கிறாள், தலைவன் வரவில்லை, பொழுது சாய்கிறது, அவள் கவலை பெருகுகிறது. பக்கம் பக்கமாக அதை எழுதி முடித்து வெளியே வந்ததும் ரமாபாய் கேட்டார்: "அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அப்பிடி அழுவுது? என் வூட்டுக்காரரு டெய்லி எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிரெய்லர் லைன்ல நின்னுகினு கீறாரு. ஹார்பர் கேட்டுக்குள்ள எப்ப வுடுவானோ, ஊட்டுக்கு எப்ப வருவாரோ, யாருக்குத் தெரியும்? சோத்த மூடி வெச்சிட்டு நான் பாட்டுக்கு டி.வி. பாக்கறேன்."

தேவகிருபை நடைபாதையிலேயே நின்று சிரித்தாள். "அக்கா, இத முன்னாடியே சொல்லியிருந்தா விடையிலயே சேத்திருப்பேன்."

அன்று தொடங்கிய பழக்கம் அப்படியே தொடர்ந்தது. தேவகிருபையின் எல்லாப் பரீட்சைக்கும் ரமாபாய்தான் என்றானது. அவளுக்குப் பாடப்புத்தகங்களை வாசித்து போனில் பதிவு செய்து அனுப்பும் வேலையும் இவரிடமே வந்து சேர்ந்தது. மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது. மெஷின்களுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ரமாபாய் உரக்க வாசிப்பார். இலக்கிய வரலாறு, இலக்கணம், துணைப் பாடமாக வந்த தமிழ்நாட்டு வரலாறு. நடுநடுவே "அண்ணா, ரெண்டு பக்கமும் எடுக்கணுமா?" என்று வாடிக்கையாளரிடம் கேட்பதும் பதிவாகிவிடும். தேவகிருபைக்கு அது பழகிப்போனது. சில பாடங்கள் அந்தக் கேள்வியோடு சேர்ந்தேதான் தனக்கு ஞாபகம் வரும் என்பாள்.

பீம்ராவிடம் இந்தப் பதிவுகள் போய்ச் சேர்ந்தது தற்செயல். ஒரு நாள் ரமாபாய் கை தவறி ஒரு பாடத்தைக் கணவருக்கு அனுப்பிவிட்டார். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை நகராமல் நின்றிருந்த நேரம். வேறு வேலை இல்லாததால் பீம்ராவ் அதைக் கேட்டார். பல்லவர்கள் வந்தார்கள், சண்டை போட்டார்கள், கோயில் கட்டினார்கள். வண்டி நகரவில்லை. மறுபடி கேட்டார். மாலையில் போன் செய்தார்.

"இன்னாமே, அந்தப் பல்லவன் கத பாதில நிக்குது. மிச்சம் எங்க?"

"யோவ், அது பாடம்யா. கதையா?"

"இன்னாவோ ஒண்ணு. அனுப்பு."

அதற்குப் பிறகு பீம்ராவின் வண்டியில் சினிமாப் பாட்டு குறைந்தது. முன்னால் நிற்கிற வண்டிக்காரர், பின்னால் நிற்கிற வண்டிக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து அவர் வண்டி நிழலில் குந்த ஆரம்பித்தார்கள். சோழர்கள் கடல் தாண்டிக் கப்பல் படை அனுப்பிய பாடம் அவர்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. அந்தக் கப்பல்களுக்கு யார் சரக்கு ஏற்றியிருப்பார்கள், அவர்களையும் இப்படி வரிசையில் நிற்க வைத்திருப்பார்களா என்று விவாதம் நடந்தது. மாதவரத்து டிரைவர் ஒருவர் பீம்ராவிடம், "அண்ணிய கொஞ்சம் ஜல்தியா படிக்கச் சொல்லு நைனா, பாண்டியன் இன்னா ஆனான்னு தெரியல" என்று சொல்லி அனுப்பினார். ரமாபாய் அன்று அந்தப் பாடத்தைச் சேர்த்து வாசித்தார்.

வேதியியல் வந்தது பெனிட்டோவால். காசிமேட்டுப் பையன், பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தான். பைக்கிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. பரீட்சை நெருங்கிவிட்டது. கல்லூரியில் இப்போது ரமாபாயை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவரையே கூப்பிட்டார்கள்.

"எனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ஆவாது தம்பி. முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார் ரமாபாய்.

"அக்கா, ஆகறவங்க எழுதவே கூடாது. நீங்க வாங்க" என்றான் அவன்.

அறைக்குள் போன பிறகுதான் கஷ்டம் புரிந்தது. இலக்கியத்தைச் சொல்லி எழுத வைக்கலாம். படத்தை எப்படிச் சொல்வது? "ஆறு மூலை வரைங்க" என்றான் பெனிட்டோ. ரமாபாய் அழகாக வரைந்தார். "அதுல ஒண்ணு விட்டு ஒண்ணு ரெட்டைக் கோடு." எல்லாக் கோட்டையும் இரட்டையாக்கிவிட்டுப் புடவைக் கரை போல இருக்கிறதே என்று பெருமையோடு காட்டினார். பெனிட்டோ இடது கையால் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, ஒண்ணு விட்டு ஒண்ணு. பக்கத்துப் பக்கத்துல வந்தா பொருளே மாறிடும்." அடித்துவிட்டு மறுபடி வரைந்தார்கள். பரீட்சை முடிந்தபோது இருவருக்கும் வியர்த்துவிட்டது. ஆனால் அவன் தேறிவிட்டான்.

ரமாபாய்க்கு ஒரு விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டது. ஒரு கோடு இடம் மாறினால் பொருளே மாறிவிடும் என்றானே, அது எப்படி? அன்று பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தான் ஏன் கேட்காமல் போனோம் என்று வீட்டில் கீரை ஆயும்போதெல்லாம் யோசித்தார்.

இந்த நேரத்தில்தான் ஒரு "வெரி குட்" வந்தது. தேவகிருபை பி.ஏ. முடித்து எம்.ஏ. சேர்ந்திருந்தாள். முதல் பரீட்சைக்குப் புதிதாக வந்திருந்த ஓர் அதிகாரி ரமாபாயின் ஆதார் அட்டையைப் பார்த்து, விவரங்களைக் கேட்டார்.

"படிப்பு?"

"பத்தாவது சார்."

"அதுக்கு மேல?"

"இல்ல சார்."

"வெரி குட்" என்று மனநிறைவோடு சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதர் மேல் தப்பில்லை. விதிப்படி எல்லாம் சரியாக இருந்ததில் அவருக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். ஆனால் ரமாபாய்க்குச் சுருக்கென்றது. பத்தாவதோடு நின்றதற்காக வாழ்நாளில் முதல் முறையாக ஒருவர் அவரைப் பாராட்டியிருக்கிறார். பரீட்சை முழுவதும் பேனா ஓடியது, மனம் மட்டும் அந்த வார்த்தையிடமே நின்றது.

வெளியே வந்ததும் தேவகிருபையிடம் சொன்னார்: "கிருப, நான் பிளஸ் டூ எழுதப் போறேன்."

தேவகிருபை நடையை நிறுத்தினாள். இவர் படித்துவிட்டால் தனக்கு யார் எழுதுவார்கள் என்று பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று ரமாபாய் நினைத்தார். அவள் உண்மையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கக்கா. பிளஸ் டூ முடிச்சாலும் எனக்கு எழுதலாம், தடையில்ல. டிகிரி முடிச்சீங்கன்னா நான் அதுக்கு மேல ஏதாவது படிச்சிட்டிருக்கணும். நீங்க ஒரு படி ஏறுனா நானும் ஒரு படி ஏறிடறேன். அவ்ளோதான?"

"அப்போ நான் எம்.ஏ. வரைக்கும் போயிட்டா?"

"நான் டாக்டர் பட்டம் வாங்கணும். அப்பாகிட்ட இப்பவே சொல்லி வெச்சிடறேன், கடையில பாதிய விக்கட்டும்."

பழைய பாடத்திட்டமெல்லாம் எப்போதோ போய்விட்டது. அதனால் வயது பார்க்காமல் சேர்த்துக்கொள்ளும் திறந்தநிலைப் பள்ளியில் ரமாபாய் பதிவு செய்தார். பாடங்களை அவரே தேர்ந்தெடுக்கலாம். தமிழ், ஆங்கிலம், வரலாறு, மனையியல் என்று எழுதிவிட்டு ஐந்தாவதாக வேதியியல் என்று எழுதினார். பதிவு செய்கிற பெண் நிமிர்ந்து பார்த்தாள். "லேப் எல்லாம் உண்டு மேடம். ஈஸியா வேற ஏதாவது எடுத்துக்கலாமே?"

"அத்த வுட்டுட்டு பாஸானா எனக்குத் தூக்கம் வராதும்மா" என்றார் ரமாபாய்.

படிப்பு ஆரம்பமானது. தமிழும் வரலாறும் அவருக்குப் பாதி மனப்பாடம். வாய் வலிக்க வாசித்துப் பதிவு செய்தவை. மிச்சத்தை தேவகிருபை கேள்வி கேட்டே சரிசெய்துவிட்டாள். வேதியியலுக்குப் பெனிட்டோ ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வந்தான். கை கூடிவிட்டது. மணலியில் ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தான். மோல் என்றொரு பாடத்தில் ரமாபாய் முட்டிக்கொண்டு நின்றார். எந்தப் பொருளானாலும் ஒரு மோலில் துகள் எண்ணிக்கை ஒன்றேதான், ஆனால் எடை வேறு என்கிறார்கள். அது எப்படி என்பது இறங்கவே இல்லை.

பெனிட்டோ முட்டை சொன்னான், ஆரஞ்சு சொன்னான். ஒன்றும் நடக்கவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது பீம்ராவ் தன் பாட்டுக்கு அலுத்துக்கொண்டார்: "நேத்து ஏத்துன கன்டெய்னர்ல பஞ்சு. வண்டி பறந்துச்சு. இன்னிக்கு அதே சைஸ் பொட்டி, உள்ள இரும்பு. மேம்பாலம் ஏறவே மூச்சு வாங்கிச்சு. பேஜாரு. பொட்டி இன்னாவோ ஒண்ணுதான்."

ரமாபாய் சாப்பாட்டுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார். "இன்னா சொன்ன?"

"இன்னா சொன்னேன்? இரும்புன்னேன்."

"பொட்டி ஒண்ணுதான், வெயிட்டு வேற. அதான்யா மோலு!"

பீம்ராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மனைவி இத்தனை சந்தோஷப்பட்டதற்குத் தான்தான் காரணம் என்பது மட்டும் தெரிந்ததால், இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆய்வக வகுப்பு திருவொற்றியூரிலேயே ஒரு பள்ளியில் நடந்தது. ஜெமிமா என்ற ஆசிரியை சொல்லிக் கொடுத்தார். கொடுக்கிற உப்பு என்னவென்று சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். சோதனைக் குழாயில் எதையோ ஊற்றிச் சூடாக்க, குப்பென்று மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தது. கூடப் படித்த இளைஞர்களெல்லாம் பின்வாங்கினார்கள்.

"என்ன வாயு இது?" என்று கேட்டார் ஜெமிமா.

"பேரு தெரியாது டீச்சர். வடக்கே கம்பெனிங்க பக்கத்துலேர்ந்து காத்து அடிச்சா எங்க வூட்டாண்ட சில நாள் வரும். ஜன்னல சாத்திடுவோம்" என்றார் ரமாபாய்.

வகுப்பே சிரித்தது. ஜெமிமாவும் சிரித்துவிட்டு, "பேரு அமோனியா. பரீட்சையில ஜன்னல் கதைய எழுதிடாதீங்க, மார்க் வராது" என்றார்.

பரீட்சை வந்தது. முதல் நாள் தமிழ். எத்தனையோ அறைகளில் உட்கார்ந்து எழுதியவர், தனக்காக ஓர் இடத்தில் உட்கார்ந்தது பல வருடத்துக்குப் பிறகு அன்றுதான். சுற்றிலும் மற்றவர்கள். விடைத்தாள் வந்ததும் பழக்கதோஷத்தில் முதல் பக்கத்தில் விறுவிறுவென்று பெயர் எழுதினார். கண்காணிப்பாளர் அம்மாள் வந்து பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"உங்க பேரு என்ன?"

"ரமாபாய் மேடம்."

"இங்க தேவகிருபைன்னு எழுதியிருக்கீங்க?"

ரமாபாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் நம்பலாமா வேண்டாமா என்று யோசித்து, ஹால் டிக்கெட் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் அடித்துத் திருத்தச் சொல்லிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சிக்கல் கேள்வித்தாளில் வந்தது. ரமாபாய் முதல் கேள்வியைத் தெளிவான குரலில் வாசித்தார். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"யாருக்கும்மா வாசிக்கிறீங்க?"

"மன்னிச்சிடுங்க மேடம். பழக்கம்."

வாயை மூடிக்கொண்டார். மூடியதும் பேனாவும் நின்றுவிட்டது. விடை தெரியும். நெய்தல் தெரியும், குறிஞ்சி தெரியும். ஆனால் எழுத வேண்டிய வாக்கியம் வெளியிலிருந்து ஒரு குரலாக வர வேண்டும் என்று கை காத்திருந்தது. பக்கத்தில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். சொல்ல யாரும் இல்லை. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியதாகப் பிறகு சொன்னார்.

கண்காணிப்பாளர் அம்மாள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பக்கத்தில் வந்து குனிந்தார். "நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கங்க. சத்தம் மட்டும் வெளிய வரக்கூடாது" என்று சொல்லி, அனுமதி கேட்டு வந்து, யாரும் இல்லாத கடைசி வரிசை மூலையில் அவரை உட்கார வைத்தார்.

ரமாபாய் உதடு அசைய, காற்று மாதிரி ஒரு வாக்கியம் சொன்னார். கை எழுதியது. இன்னொன்று சொன்னார். அதையும் எழுதியது. நிறுத்தற்குறியும் சொன்னார். மூன்றாவது பக்கத்தில் தன் குரல் தனக்கே பிடித்துப்போய்விட்டது. "நான் சொல்றது நல்லாத்தான் கீதுன்னு தோணிச்சு" என்றார் என்னிடம். மணி அடித்தபோது கூடுதல் தாள் கேட்டு வாங்கிக் கட்டியிருந்தார்.

முடிவுகள் வந்த நாள் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் கூடிவிட்டது. சண்முகவேல் அண்ணாச்சியே கணினியில் எண்ணைத் தட்டினார். தமிழில் அமர்க்களமான மதிப்பெண். வரலாற்றிலும் அப்படியே. ஆங்கிலம், மனையியல் சரி. வேதியியலில் செய்முறை தேர்ச்சி, எழுத்துத் தேர்வில் தோல்வி.

எல்லோரும் ரமாபாயின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார். "அடப்பாவி கெமிஸ்ட்ரி, இன்னும் என்னிய ஞாபகம் வெச்சுகினு கீது பாரேன்!"

பீம்ராவ் வாங்கி வைத்த பிரியாணியை வீணாக்கக் கூடாதென்று அன்றே சாப்பிட்டார்கள். பெனிட்டோ மட்டும் சாப்பிடாமல் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு மதிப்பெண் எங்கே போனது என்று தேடினான். கரிமச் சேர்மங்கள் பகுதியில் ரமாபாய் எல்லாக் கோட்டையும் மறுபடி இரட்டையாகப் போட்டிருப்பார் என்பது அவன் சந்தேகம். ரமாபாய் அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருவரும் ஆறு மூலையையே வரைந்து தள்ளினார்கள். வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கமெல்லாம் அதுதான். அடுத்த தேர்வில் வேதியியல் தேறியது. பிரமாதமாக அல்ல, எல்லைக்கோட்டை ஒட்டித்தான். ஆனாலும் அந்த மதிப்பெண் சான்றிதழைச் சண்முகவேல் அண்ணாச்சி கலரில் ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் போட்டு, கடைக் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினார். எடுக்கச் சொல்லி ரமாபாய் சண்டை போட்டார். ஒரு வாரம் போன பிறகு சண்டையை விட்டுவிட்டார்.

பீம்ராவ் வரிசையில் நின்ற டிரைவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். மாதவரத்துக்காரர் போனில் வாழ்த்துச் சொன்னார். "அண்ணி, அப்போ இனிமே படிச்சு அனுப்ப மாட்டீங்களா?" என்று கவலையோடு கேட்டார்.

"இன்னாத்துக்கு அனுப்பாம? பி.ஏ. வரலாறு சேரப் போறேன். இனிமேதான் கத நிறைய கீது" என்றார் ரமாபாய்.

சொன்னபடியே தபால் வழியில் சேர்ந்தார். தேவகிருபை எம்.ஏ. முடித்து, தேர்வெழுதி, பொன்னேரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை ஆனாள். அந்தத் தேர்வை எழுதிய கையும் ரமாபாயுடையதுதான். வேலைக்குப் போன பிறகும் ஆராய்ச்சிப் படிப்புக்குப் பதிவு செய்திருக்கிறாள். வெள்ளத்துரை, "உங்க ரெண்டு பேரு போட்டியில எனக்குத்தான் செலவு" என்று ஊர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிகிறார்.

போன மாதம் ரமாபாய்க்குப் பி.ஏ.யில் ஒரு கட்டுரை எழுத வேண்டி வந்தது. உங்கள் பகுதியில் உள்ள பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி நேரில் பார்த்து எழுதுக. அவர் ராயபுரம் ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒரு சனிக்கிழமை மாலை, தேவகிருபையையும் கூட்டிக்கொண்டு போனார். உயரமான வெள்ளைத் தூண்கள் வரிசையாக நின்றன. தேவகிருபை குச்சியை மடக்கிப் பையில் போட்டுவிட்டு ஒரு தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாள். கை எட்டவில்லை.

"மேல என்ன இருக்குக்கா?"

"பூவு மாதிரி, இலை மாதிரி செதுக்கிக் கீறாங்க. மேல ஒரு காக்கா. கூடு கட்டிகினு கீது."

"காக்காவும் கட்டுரையில வருமா?"

"வரும். அதுவும் இங்கதான குடியிருக்குது?"

நிலையத்தைச் சுற்றி வந்து, இருவரும் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெளியே வண்டியில் வாங்கிய அத்தோ என்ற பர்மா நூடுல்ஸை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். காரம் தூக்கலாக இருந்ததால் தேவகிருபைக்கு மூக்கில் நீர் வழிந்தது. ஒரு சரக்கு ரயில் கன்டெய்னர்களைச் சுமந்துகொண்டு மெதுவாகக் கடந்து போனது. அது போய் முடிகிற வரை பேச முடியவில்லை.

சத்தம் அடங்கியதும் ரமாபாய் கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தார். முதல் வாக்கியத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தார்.

"'இந்தத் தூண்களுக்குக் கீழே நின்று ரயிலுக்குக் காத்திருந்தவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.' இன்னா, எப்பிடி கீது?"

"நல்லாருக்குக்கா. ஆனா முதல்ல கட்டின வருஷத்தச் சொல்லி ஆரம்பிச்சா இன்னும்..."

"அது ரெண்டாவது வாக்கியத்துல வரும். நீ துன்னு" என்று சொல்லிவிட்டு ரமாபாய் எழுத ஆரம்பித்தார்.